அழாதவளின் தலைக்குள் எடுத்த படம்

ஜூலை 1, செவ்வாய்

காலையிலிருந்தே புகைமூட்டம். துவைத்ததை வெளியே போடவில்லை. போட்டால் கரி வாசம் ஏறிவிடும்.

சாப்பாட்டுக் கடையில் இன்று வாழைக்காய். விரலெல்லாம் கறை. எண்ணெய் தேய்த்தும் போகவில்லை. முதலாளி நகத்தைப் பார்த்தார். ஒட்ட வெட்டியிருக்கிறேன் என்று நீட்டிக் காட்டினேன்.

வாங்க வேண்டியவை: உப்பு, பிரஷர் மாத்திரை, கற்பூரம், வெள்ளிக்கிழமைக்கு இவர் படத்துக்கு மாலை.

மத்தியானக் கூட்டம் வடிந்த பிறகு பார்த்தால் கல்லாவுக்குப் பக்கத்துச் சுவரில் புதிதாக ஒரு தாள். மலாய், ஆங்கிலம், தமிழ் என்று மூன்று பாஷையில். இங்கே சாப்பிட வரும் பல்கலைக்கழகத்துப் பெண் ஒருத்தி கேட்டு ஒட்டியதாம். கலா (என்னோடு காய் நறுக்குகிறவள்) உரக்கப் படித்தாள். நெருங்கியவரைப் பறிகொடுத்து இரண்டு வருடத்துக்குள் இருப்பவர்கள் தேவை. மூளையைப் படம் எடுப்போம். ஊசி கிடையாது. வலி கிடையாது.

"அக்கா, உங்களுக்குத்தான் லா இது. மூளை இருக்கணும்னு கூட போடல."

சிரித்தேன். ஆனாலும் நம்பரை எழுதிக்கொண்டேன். ஏன் என்று அவளிடம் சொல்லவில்லை. இங்கே எழுதலாம்.

இவர் (என் வீட்டுக்காரர்) போய் இந்த மாதத்தோடு ஒரு வருடம். போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரியை நிறுத்திவிட்டு இறங்கியவர் டயரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது. மூன்றாம் நாள் முடிந்தது. நான் அழவில்லை. ஆஸ்பத்திரியில் இல்லை, எரித்த அன்று இல்லை, பதினாறாம் நாள் இல்லை, இதுவரையும் இல்லை. பிள்ளை குட்டியும் கிடையாது, அதைப் பார்த்து அழ. அண்ணி (இவருடைய அக்கா, கிள்ளானில் இருக்கிறார்) அழுத அழுகையில் இரண்டு தரம் மயக்கம் போட்டார். "கல்லுடி நீ" என்று அன்றைக்குச் சொன்னார். விசேஷங்களில் இன்றைக்கும் சொல்கிறார்.

கோபம் இல்லை. எனக்கே சந்தேகம்தான். உள்ளே ஏதாவது இருக்கிறதா இல்லையா. படம் எடுத்தால் தெரியுமே.


ஜூலை 2, புதன்

போன் செய்தேன். அந்தப் பெண் பேர் கவிதா. நம் பெண்தான். பூச்சோங்காம். மெதுவாகப் பேசுகிறாள், ஆங்கிலம் கலந்து. ஆன்டி ஆன்டி என்றாள். குழாய் மாதிரி இருக்கும், உள்ளே படுக்கணும், பயமா என்று கேட்டாள். லோரியில் பின்பக்கம் மெத்தை போட்டுத் தூங்கியவள் நான், எனக்கென்ன பயம்.

உடம்புக்குள் இரும்பு ஏதாவது வைத்திருக்கிறார்களா? இல்லை. கையில் காலில் நகை? இப்போது எதுவும் போடுவதில்லை. சாரி ஆன்டி என்றாள்.

இவர் படம் நாலு கொண்டுவர வேண்டுமாம். முகம் தெளிவாக. உள்ளே படுத்திருக்கும்போது கண்ணாடியில் காட்டுவார்கள். இவர் படம் ஒன்று, தெரியாத ஆள் படம் ஒன்று, மாற்றி மாற்றி. எதைக் காட்டும்போது மூளை எங்கே எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பார்களாம்.

அவள் கையிலிருந்த தாளில் நிறையக் கேள்வி. அவள் படிக்க நான் பதில் சொன்னேன். துக்கம் இன்னும் இருக்கிறதா? இருக்கிறது என்றேன். யோசிக்காமல் சொல்லிவிட்டேன். பிறகுதான் யோசித்தேன்.

அண்ணி போன். பதின்மூன்றாம் தேதி திதி. கிள்ளானில் அவர் வீட்டிலேயே. ஐயருக்குச் சொல்லியாகிவிட்டது. நான் பூசணிக்காயும் நல்லெண்ணெயும் கொண்டுபோக வேண்டும்.


ஜூலை 4, வெள்ளி

மாலை வாங்கினேன். கதம்பம். மல்லி கேட்டால் யானை விலை.

சாமி அலமாரிக்குக் கீழே இருக்கும் பெரிய படத்தை போனில் எடுத்து கவிதாவுக்கு அனுப்பினேன். விபூதி, சந்தனப் பொட்டு, மாலை, பக்கத்தில் விளக்கு. நன்றாக விழுந்திருந்தது. உடனே போன் வந்தது. ஆன்டி, மாலை வேணாம். பொட்டு வேணாம். விளக்கு வேணாம். மாலையைப் பார்த்தாலே மூளை ஒரு மாதிரி ஆகுமாம், அப்புறம் ஆளைப் பார்த்து ஆச்சா மாலையைப் பார்த்து ஆச்சா தெரியாதாம்.

அப்படியென்றால் அந்தத் தெரியாத ஆளுக்கும் மாலை போட்டுவிடுங்களேன் என்றேன். சிரித்து, உயிரோட இருக்காரு ஆன்டி என்றாள்.

மாலை போடாத படம் தேடி அரை நாள். கல்யாணப் படங்களில் எல்லாம் இவர் பந்தியில் குனிந்து சாப்பிடுகிறார். ஒன்றில் தலை மட்டும். ஒன்றில் யாரோ ஒரு மாமாவின் தோளுக்குப் பின்னால் ஒரு காது. அது இவர் காதுதான், எனக்குத் தெரியும், ஆனால் காது போதாது. கடைசியில் லோரிக்கு முன்னால் நின்று வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிய படம் கிடைத்தது. நீலச் சட்டை. மேல் பொத்தான் இல்லாத சட்டை. தைத்துக் கொடுக்கிறேன் கொடுக்கிறேன் என்று நான் தைக்கவே இல்லை.

மற்ற மூன்றும் ஐ.சி. (அடையாள அட்டை) படம், லைசென்ஸ் படம் மாதிரி. எல்லாவற்றிலும் போலீஸில் பிடித்து வைத்த முகம்.


ஜூலை 7, திங்கள்

கடை விடுமுறை. லேசாகத் தூறல். புகை கொஞ்சம் அடங்கியது.

செராஸ் பக்கம் பெரிய கட்டடம். கீழே லிஃப்ட் இறங்கி ஒரு நடை. குளிர். கவிதா வாசலில் நின்றிருந்தாள், சின்னப் பெண், என்னைவிடக் குள்ளம். படம் எடுப்பவள் மலாய்க்காரப் பெண். உடுப்பு மாற்றச் சொன்னார்கள். கொண்டை ஊசி, ஊக்கு, கண்ணாடி, எல்லாம் ஒரு தட்டில். பிறகு அந்த மலாய்க்காரப் பெண் ஒரு தடியை உடம்பு பக்கமாக ஓட்டினாள், விமான நிலையத்தில் செய்வது மாதிரி. இடுப்பில் வந்ததும் கீ என்று கத்தியது.

தாயத்து. சுத்தமாக மறந்துவிட்டேன்.

பதினாறு முடிந்த கையோடு அண்ணி கிள்ளானில் ஒரு கோயிலுக்கு அழைத்துப்போனார். அங்கே சாமி ஆடுகிறவர் என்னைப் பார்த்து, அதிர்ச்சியில் அழுகை அடைச்சிக்கிச்சு, ஒரு வருசம் இதக் கட்டியிருக்கட்டும் என்று இடுப்பில் கறுப்புக் கயிற்றில் கட்டிவிட்டார். திதி அன்று அவிழ்த்து ஆற்றில் போட வேண்டும், அதுவரை அவிழ்க்கக்கூடாது. குளிக்கும்போதும் அதோடுதான். பாவாடை நாடா மாதிரி உடம்போடு ஆகிவிட்டது. இரும்பு இருக்கா என்று கேட்டபோது அது ஞாபகத்துக்கே வரவில்லை.

செம்பு என்றால் காந்தம் இழுக்காது ஆன்டி, ஆனா உள்ள என்ன வச்சி அடச்சிருக்காங்கன்னு தெரியாதே என்றாள் கவிதா. அதோடு உள்ளே போக முடியாது. இன்றைக்கு வேண்டாம், திதி முடிஞ்சு வாங்க, கட்டாயம் இல்லை என்றாள்.

நான் யோசித்தேன். இன்னும் ஆறு நாள்தான். இருந்தாலும் திதிக்கு முன்னால் எனக்குப் படம் வேண்டும். அண்ணியிடம் காட்ட வேண்டும். இதோ பாருங்க, இருக்கு என்று.

அவிழ்க்கிறேன் என்றேன். ஆனால் வெட்டக்கூடாது. ஒரு வருடத்து முடிச்சு, சோப்பும் வேர்வையும் சேர்ந்து கல்லாகியிருந்தது. எனக்கு நகம் இல்லை. கவிதாவுக்கும் இல்லை. அந்த மலாய்க்காரப் பெண் மண்டி போட்டு உட்கார்ந்து பேனா முனையால் நெம்பி நெம்பி எடுத்தாள். "அசிமாத் கா, மக்சிக்?" தாயத்தா ஆன்டி என்று மலாயில் மெதுவாகக் கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் அம்மாவும் கட்டியிருந்தாராம். அவிழ்த்ததும் கீழே வைக்கவில்லை. டிஷ்யூவில் சுற்றி அலமாரியில் என் கைப்பைக்கு மேலே வைத்துப் பூட்டினாள்.

உள்ளே.

தலைக்கு இரண்டு பக்கமும் பஞ்சு. காதில் அடைப்பு. கையில் ரப்பர் பந்து, பயந்தால் அழுத்த. அசையக் கூடாது. கண்ணுக்கு மேலே சின்னக் கண்ணாடி. சத்தம் முதலில் தகரத்தில் தட்டுவது மாதிரி. பிறகு லோரி பின்னால் வரும்போது கத்துமே, அது மாதிரி. அது எனக்குப் பழக்கம்.

இவர் முகம் வந்தது. நீலச் சட்டை. அந்தச் சட்டையை யாருக்குக் கொடுத்தேன்? பொத்தானோடு கொடுத்தேனா, இல்லாமலா? காஸ் அடைத்தேனா? அடைத்தேன். இவர் மறுபடி. முறைக்கிறார்.

தெரியாத ஆள் முகம் வந்தது. நம் ஆள்தான். இவர் வயதிருக்கும். நரைத்த மீசை. வெள்ளைச் சட்டை, கழுத்து வரைக்கும் பொத்தான் போட்டு. படம் எடுக்கிறார்கள் என்று தெரிந்து வீட்டில் யாரோ போட்டுவிட்டிருக்கிறார்கள். அவருக்குக் கழுத்து இறுகுகிறது, ஆனாலும் பொறுத்துக்கொண்டிருக்கிறார். அது முகத்தில் தெரிந்தது.

அவ்வளவுதான். வந்துவிட்டது. கண்ணிலிருந்து காதுக்கு ஓடுகிறது. காதடைப்பு நனைந்தது. துடைக்கக் கூடாது. அசையக் கூடாது. பந்தை அழுத்தினால் நிறுத்திவிடுவார்கள். அழுத்தவில்லை. இவர் முகம் வரும்போது நின்றுவிடும். அந்த ஆள் வந்ததும் மறுபடி.

வெளியே இழுத்ததும் கவிதா டிஷ்யூவோடு நின்றாள். உள்ளே யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன். கேமரா இருந்ததாம்.

ஒவ்வொரு படத்துக்கும் எவ்வளவு கஷ்டமாக இருந்தது, என்ன நினைத்தீர்கள் என்று கேட்டு எழுதினாள். உண்மையைச் சொன்னேன். அந்த ஆளைப் பார்த்துத்தான் அழுதேன் என்று. இவரைப் பார்த்தபோது காஸைப் பற்றி நினைத்தேன் என்றும் சொன்னேன். வெட்கமாக இருந்தது. அவள் முகம் மாறவில்லை. எழுதிக்கொண்டாள்.

இதை வைத்து என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். புருஷன் படத்துக்கு மூளை செய்த வேலையிலிருந்து தெரியாத ஆளுக்குச் செய்த வேலையைக் கழிப்பார்களாம். மிச்சம்தான் துக்கத்தோடு சம்பந்தப்பட்டது என்று பார்ப்பார்களாம்.

"அப்ப எனக்குக் கழிச்சா என்னம்மா வரும்?"

கவிதா பேனாவை மூடி வைத்தாள். "ஆன்டி ஒருத்தர மட்டும் வச்சி நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம். அதுக்குத்தான் நெறைய பேர எடுக்கறோம். நீங்க என்ன நினைச்சீங்கன்னு கேட்டதும் அதுக்குத்தான்."

படம் கெட்டுப்போச்சா என்றேன். இல்லை, ஆடாம படுத்திருந்தீங்க, படம் ரொம்ப நல்லா வந்திருக்கு என்றாள். அழுதும் ஆடாமல் இருந்ததற்கு ஒரு பாராட்டு.


ஜூலை 8, செவ்வாய்

தலைவலி இல்லை. பசி எடுத்தது. இரண்டு தட்டு சோறு.

கயிற்றைத் திரும்பக் கட்டவில்லை. டிஷ்யூவோடு கைப்பையில். கட்டினால் நான் கட்டியதாகிவிடும், சாமி கட்டியது ஆகாது.

கலாவிடம் எல்லாம் சொன்னேன். அவள் தீர்ப்பு: தாயத்துதான் அழுகையை அடைத்து வைத்திருந்தது. "அவுத்த கையோட அழுதீங்கள்ல. வேற என்ன சாட்சி வேணும்?" மாஸ்டர் (தமிழ்நாட்டிலிருந்து பெர்மிட்டில் வந்தவர், தோசைக்கல்லில் நிற்கிறார்) இல்லை என்கிறார். ஒரு வருடம் கட்டியிருந்ததால்தான் வேலை செய்தது, சரியாக முடிகிற நேரத்தில் வந்துவிட்டது என்கிறார். இருவரும் எண்ணெய் காய்கிற வரைக்கும் வாக்குவாதம்.

எனக்கு வேறு ஒன்று தோன்றுகிறது. இந்த ஒரு வருடத்தில் முழித்துக்கொண்டு சும்மா படுத்திருந்தது நேற்று ஒரு நாள்தான். கையில் கத்தி இல்லை, துடைப்பம் இல்லை. அதனால் கூட இருக்கலாம். அல்லது அந்தப் பொத்தான்.

எது என்று எப்படித் தெரியும்? தாயத்து உள்ளவள், இல்லாதவள், மெஷினுக்குள் போனவள், போகாதவள் என்று ஒரு கூட்டத்தையே நிறுத்திப் பார்க்க வேண்டும். ஒருத்தியை வைத்துச் சொல்ல முடியாது. கவிதா சொன்ன அந்த வார்த்தை எல்லாவற்றுக்கும் பொருந்துகிறது.


ஜூலை 10, வியாழன்

வெயில். கருணைக்கிழங்கு. கை அரிப்பு.

மூன்று மணி வாக்கில் கவிதா சாப்பிட வந்தாள். கூட்டம் இல்லாததால் முதலாளி என்னையும் உட்கார விட்டார். ஒரு உறையில் என் படம். பாதியாக வெட்டிய முட்டைக்கோஸ். அப்படியே. தினம் வெட்டுகிறேனே, அதே மடிப்பு, அதே தண்டு. கலா எட்டிப் பார்த்து, "தேங்கா போட்டா பொரியல் ஆயிரும்" என்றாள்.

எல்லாம் சாம்பல் நிறம். சிவப்பு எங்கே? டி.வி.யில் காட்டும்போது சிவப்பும் மஞ்சளுமாக எரியுமே. கேட்டேன். அந்த நிறம் மூளையில் கிடையாதாம். கணக்குப் போட்டு கம்ப்யூட்டர் பூசுவதாம். எவ்வளவுக்கு மேல் போனால் சிவப்பு என்று முடிவு செய்வதும் இவர்கள்தானாம். இது வெறும் உருவப் படம், மூக்கு இருக்கு கண் இருக்கு என்கிற மாதிரி.

எதைத்தான் பார்க்கிறீர்கள் என்றேன். ரத்தத்தை. மூளையில் எந்தப் பக்கம் வேலை அதிகமோ அந்தப் பக்கம் ரத்தம் அதிகம் போகுமாம்.

அது எனக்குப் புரிந்தது. நான் உள்ளே காய் நறுக்குகிற இடத்திலிருந்து சின்ன ஜன்னல் வழியாகத்தான் கடை தெரியும். ஆள் முகம் தெரியாது. சாம்பார் வாளி எந்த மேசைக்கு அடிக்கடி போகிறது என்று மட்டும் தெரியும். அந்த மேசையில் ஏதோ நடக்கிறது. ருசியாக இருக்கிறது என்று கேட்கிறார்களா, உப்பில்லை என்று திட்டுகிறார்களா, அது தெரியாது. இப்படியா என்று கேட்டேன்.

சாப்பிடுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். "ஆமா ஆன்டி. அதோட வாளி லேட்டாத்தான் போவும். கூப்பிட்டு கொஞ்ச நேரம் கழிச்சி. நமக்குத் தெரியற மேசையும் ஒரு மேசை இல்ல, பத்து மேசை சேர்ந்து ஒண்ணா தெரியும்."

பல்வலிக்கு ரத்தம் போகிற இடத்துக்கே ஒருவரைத் தேடும்போதும் போகுமாம், ஏதாவது ஒன்றைக் கவனமாகப் பார்த்தாலே போகுமாம். அதனால் வாளி போனதை வைத்து இது துக்கம் என்று திருப்பிச் சொல்லிவிடக் கூடாது. அவர்களிலேயே சிலர் அவசரப்பட்டுச் சொல்லிவிடுவார்களாம்.

அப்படியென்றால் இவருக்கு மட்டும் எப்படி? ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரே ஒரு படத்தைப் பார்த்தார். வெள்ளையாக ஒரு இடத்தைக் காட்டினார். இங்க ரத்தம் கட்டியிருக்கு, இனி கஷ்டம் என்றார். சொன்னபடிதான் நடந்தது. ஒரே ஆள், ஒரே படம்.

அது உடைப்பு ஆன்டி என்றாள். குழாய் உடைந்தால் ஒரு படத்தில் தெரியும், அதில் இந்த மாதிரி மெஷினை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் அந்த வீட்டில் குடியிருக்கிறவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பது குழாயில் தெரியாது. நிறைய வீட்டைப் பார்த்தால் ஏதோ கொஞ்சம் தெரியலாம். சிலருக்கு வருடக்கணக்காகத் துக்கம் தளராமலே இருக்கிறதே, அவர்களுக்கு உள்ளே என்ன வித்தியாசம் என்று தெரிந்தால் உதவி செய்யலாம். இன்னும் தெரியலை, அதனாலதான் கேட்டுட்டு இருக்கோம் என்றாள். தெரியாது என்று சொல்லும்போது அவள் முகம் சோர்ந்துபோகவில்லை. பசியோடு இருக்கிறவள் முகம் மாதிரி இருந்தது.

கடைசியில் கேட்டே விட்டேன்.

"எனக்குத் துக்கம் இருக்குன்னு ஒரு தாள்ல எழுதி சீல் வச்சித் தருவியாம்மா?"

யாருக்கு என்று கேட்டாள். அண்ணியைப் பற்றிச் சொன்னேன். கல் என்று சொன்னதையும். அவள் இலையை மூடினாள்.

"அது முடியாது ஆன்டி. மெஷின் அப்படிச் சொல்லாது. ஆனா ஒண்ணு. உங்கள ஏன் உள்ள படுக்க வச்சோம்? மொத நாளு போன்ல துக்கம் இருக்கான்னு கேட்டேன். இருக்குன்னீங்க. அத நம்பித்தான் ஆரம்பிச்சோம். நீங்க சொன்ன வார்த்த இல்லன்னா இந்தப் படத்துக்கு அர்த்தமே இல்ல."

கை கழுவப் போய்விட்டாள். நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு பெரிய மெஷின், அவ்வளவு குளிர், அவ்வளவு சத்தம், எல்லாம் என் வாயிலிருந்து வந்த ஒரு வார்த்தையை நம்பி.


ஜூலை 12, சனி

பூசணி, நல்லெண்ணெய், வெற்றிலை. எல்லாம் பையில். கறுப்பு எள் மறக்கக் கூடாது.

கலா ஒரு யோசனை சொன்னாள். "கம்ப்யூட்டரே செவப்பு பூசுதுல்ல. நாமளே நடுவுல ஒரு புள்ளி வச்சிருவோம்கா. உங்க அண்ணிக்கு என்ன தெரியப் போவுது?" சிவப்புப் பேனாவையும் கையில் கொடுத்தாள்.

வீட்டில் வைத்துப் பார்த்தேன். எங்கே வைப்பது? நடுவிலா, நெற்றிப் பக்கமா? பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினேன். வைத்திருந்தால் அண்ணி நம்பியிருப்பார். படம் என்றால் யார்தான் நம்பமாட்டார்கள். நானே டி.வி.யைப் பார்த்து நம்பியவள்.

வைக்கவில்லை. கவிதா என் வார்த்தையை நம்பினாள். படத்தில் நான் புள்ளி வைத்தால் அண்ணி எதை நம்புவார்? பேனாவை.


ஜூலை 13, ஞாயிறு

ரயிலில் கிள்ளான். வழியெல்லாம் மழை. பூசணிக்காய் மடியில்.

ஐயர் சீக்கிரம் முடித்துவிட்டார். எள், பிண்டம், காக்கைக்குச் சோறு. காக்கை வரவில்லை, மைனா வந்தது. அண்ணியின் வீட்டுக்காரர் அதுவும் கறுப்புதான் விடு என்றார். அண்ணி அழுதார். இரண்டு அத்தைகளும் சேர்ந்துகொண்டார்கள். நான் பாயசத்தைக் கிண்டினேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு அறைக்குள் கூப்பிட்டார். ஆற்றுக்குப் போகணும், கயிற்றை அவிழ் என்றார். நான் நின்றேன். அவரே சேலையை விலக்கி இடுப்பைத் தடவினார்.

"கயிறு எங்கடி?"

கைப்பையிலிருந்து டிஷ்யூவை எடுத்துக் கொடுத்தேன். முதலில் முடிச்சைத்தான் பார்த்தார். வெட்டினியா என்றார். வெட்டல அண்ணி, அவுத்தது. யாரு? ஒரு மலாய்க்காரப் பொண்ணு. கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். திட்டு ஆரம்பமானது. ஒரு வருசம் பொறுத்தவளுக்கு ஆறு நாள் பொறுக்க முடியலையா, சாமி குத்தம், நான் கெட்ட நேரத்துக்கு உன்ன நம்பினேன், எல்லாம். நான் முழுவதையும் சொன்னேன். சுவரில் ஒட்டிய தாள், குழாய், கண்ணாடி, பந்து. படத்தையும் நீட்டினேன். வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். கோபத்தை விட்டுவிட்டார். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார்.

"இதுல தம்பி எங்க இருக்கான்?"

விரலை எங்கே வைத்திருந்தாலும் நம்பியிருப்பார். வைக்கவில்லை. தெரியாதாம் அண்ணி, இதுல அது தெரியாதாம் என்றேன்.

அழுதியா என்றார். அழுதேன் என்றேன். அவன் படத்தப் பாத்துத்தானே என்றார்.

"இல்ல அண்ணி. வேற ஒரு ஆளு படத்தப் பாத்து."

இதோ திட்டு வருகிறது என்று காத்திருந்தேன். வரவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே அத்தைகள் தட்டு எண்ணும் சத்தம். அந்த ஆள் எப்படி இருந்தார் என்று கேட்டார். கழுத்துப் பொத்தானைச் சொன்னேன். இவர் சட்டையில் நான் தைக்காத பொத்தானையும் சொன்னேன். தலையாட்டினார்.

பிறகு கதவைச் சாத்தினார். குரலை இறக்கினார்.

"எனக்கு எல்லாச் சாவுக்கும் ஒரே மாதிரிதான்டி வருது. பக்கத்து வீட்டுச் சீனன் செத்தப்பவும் மயக்கம் போட்டேன். டி.வி. நாடகத்துக்கும் இதே அழுகதான். தம்பிக்குன்னு தனியா ஒண்ணு வரும் வரும்னு பாக்கறேன். வரல. என்னையும் அந்த மெஷின்ல போடுவாங்களா?"

அது அப்படிச் சொல்லாது அண்ணி, ஒண்ணுலேர்ந்து ஒண்ணக் கழிச்சித்தான் பாப்பாங்க என்றேன்.

"எதுலேர்ந்து எதக் கழிப்பாங்க?"

இருவரும் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். என் படம் அவர் மடியில். எடுத்துக்கொண்டு போய் தம்பி படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைக்கப் போனார். பிறகு அவரே, உயிரோட இருக்கறவள அங்க வைக்கக் கூடாது என்று திரும்பக் கொண்டுவந்து என் பையில் போட்டார்.

தாயத்தை ஆற்றில் போட்டோம். மழைத் தண்ணீர், காப்பி நிறம். டிஷ்யூ மட்டும் கொஞ்ச தூரம் மிதந்தது.


ஜூலை 14, திங்கள்

விடுமுறை. வெயில். துணியெல்லாம் வெளியே போட்டேன். பழைய டின்னில் பொத்தான் தேடினேன். நீல நிறத்தில் ஒன்று இருந்தது. சட்டைதான் இல்லை. டின்னோடு பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் அழுதேன். படம் எடுக்க யாரும் இல்லை.

கவிதாவுக்குப் போன். கூடப் பிறந்தவர் என்றாலும் எடுப்போம், அடுத்த திங்கள் அழைத்து வாங்க என்றாள். அண்ணி அழுவதை நினைத்துக் கேட்டேன், எல்லாச் சாவுக்கும் ஒரே மாதிரி அழுகிறவர் வந்தால் கணக்கு என்ன ஆகும் என்று. "அய்யோ ஆன்டி, அவங்கதான் வேணும்" என்றாள். என்னைப் போல ஒருத்தி, அண்ணியைப் போல ஒருத்தி, இப்படி எல்லாரும் இருந்தால்தான் அவர்கள் நினைத்தது சரியா தப்பா என்று தெரியுமாம். தப்பாக இருந்தாலும் பரவாயில்லையாம்.

அண்ணிக்குப் போன். இரும்பு இருக்கா என்று நானே கேட்டேன். தங்கப் பல் ஒன்று. அதைக் கவிதாவிடம் கேட்க வேண்டும். மாலை போடாத படம் இருக்கா? சின்ன வயதில் இருவரும் சைக்கிளோடு நிற்கும் படம் இருக்கிறதாம். நான் பார்த்ததே இல்லை.

தாயத்து? இடுப்பில் இரண்டு, கையில் ரவிக்கைக்கு உள்ளே ஒன்று. எல்லாம் பல வருடத்து முடிச்சு. வெட்டக் கூடாது என்கிறார்.

அடுத்த திங்கள் வரை நான் நகம் வெட்டக் கூடாது. முதலாளி பார்த்தால் பார்க்கட்டும்.